சாலை பொறுக்கியெடுக்கும் உயிரிகள்

திருச்சிராப்பள்ளியிலிருந்து எந்தச் சாலையைப் பிடித்தாலும் கடலைப் பார்க்க நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். ஆனாலும் புதுக்கோட்டை சாலையில், பல்கலைப்பேரூரில் இருக்கும் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் கடல்சார் அறிவியலுக்குத் தனித் துறை உண்டு. கடல்வாழ் சயனோபாக்டீரியாக்களுக்கான தேசிய மையத்தை 1991இல் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை நிறுவியதும் இந்த வளாகத்தில்தான். அலைச்சத்தம் கேட்காத ஊரில் எதற்கு இதெல்லாம் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்விக்குக் கிடைக்கிற சுவையான பதில்களில் ஒன்று, அரிசிமணியைவிடச் சிறிய ஓர் உயிரினத்தில் இருக்கிறது. பேராசிரியர் பி. சந்தானமும் அவருடைய மாணவர்களும் கோப்பிபாடு எனப்படும் நுண்ணிய ஓட்டுடலிகளைக் கடலிலிருந்து பிடித்துவந்து, திருச்சி ஆய்வகத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, மீன்குஞ்சுகளுக்கு உணவாகக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சந்தானம் மற்ற இருவரோடு சேர்ந்து தொகுத்த விலங்கு மிதவை உயிரிகள் பற்றிய ஆங்கில நூலை ஸ்பிரிங்கர் நிறுவனம் 2019இல் வெளியிட்டது.

கோப்பிபாடுகள் இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்து உறவு. தமிழ்ப் பாடநூல்கள் துடுப்புக்காலிகள் என்கின்றன; கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் ‘பாட்ஸ்’ என்று சுருக்கிவிடுகிறார்கள். பெரும்பாலானவை முழு வளர்ச்சியிலும் ஓரிரு மில்லிமீட்டருக்கு உள்ளேயே இருக்கும். முட்டையிலிருந்து வரும் நாப்ளியஸ் குஞ்சு ஆறு நிலைகளைக் கடந்து, பிறகு இன்னும் ஆறு நிலைகளுக்குப் போகும். அந்தக் கடைசி நிலைதான் வளர்ந்த விலங்கு. ஒவ்வொரு நிலைக்கும் ஒருமுறை தோலுரிக்கும். நிறைய வகைகளில் புதிதாகப் பொரித்த குஞ்சின் அளவு நூறு மைக்ரானுக்கும் குறைவு, அதாவது ஏறத்தாழ ஒரு தலைமுடியின் தடிமன்.

இந்த அளவுதான் முதல் மதிப்பு. பெரும்பாலான கடல்மீன்களின் குஞ்சுக்குப் பிறந்த சில நாட்களில் வாய் திறக்கும்போது, அந்த வாய்க்குள் நுழையக்கூடிய இரை மிகக் குறைவு. மீன் வளர்ப்பவர்கள் வழக்கமாகக் கொடுக்கும் ஆர்ட்டீமியா குஞ்சு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் நீளம். பல மீன்குஞ்சுகளுக்கு அது விழுங்க முடியாத கவளம். இரண்டாவது மதிப்பு கொழுப்பில் இருக்கிறது. குஞ்சின் கண்ணும் நரம்பும் வளரத் தேவைப்படும் டிஎச்ஏ என்ற கொழுப்பமிலம் ஆர்ட்டீமியாவில் கிட்டத்தட்ட இல்லை. வெளியிலிருந்து ஊட்டித்தான் கொடுக்க வேண்டும். கடல் கோப்பிபாடுகளிடம் அது இயல்பாகவே நிறைந்திருக்கிறது. ஓய்த்தோனா ரிஜிடா என்ற வகையைக் கொடுவா மீன்குஞ்சுக்கு உயிருணவாகக் கொடுத்துச் சந்தானமும் பி. பெருமாளும் 2012இல் வெளியிட்ட ஆய்வு இந்த ஊட்டச்சத்துக் கணக்கைப் பற்றியதுதான்.

வெளிநாட்டில் இதற்கு இன்னும் பளிச்சென்ற சான்றுகள் உள்ளன. பவளத்தொட்டி வைத்திருப்பவர்கள் ஆசைப்படும் மஞ்சள் டேங் மீன் பல பத்தாண்டுகளாகக் கடலிலிருந்து பிடிக்கப்பட்டே விற்கப்பட்டது. 2015இல்தான் ஹவாயின் ஓஷியானிக் இன்ஸ்டிட்யூட் அதன் குஞ்சுகளைத் தொட்டியிலேயே பிறக்கவைத்து வளர்த்துக் காட்டியது. அடுத்த ஆண்டு புளோரிடா பல்கலைக்கழகத்தின் ஆய்வகம் நீல டேங்கில் வென்றது. இரண்டு வெற்றிகளிலும் குஞ்சின் முதல் உணவில் பார்வோகாலனஸ் என்ற மிகச்சிறிய கோப்பிபாடு முக்கியப் பங்கு வகித்தது. வளர்ந்த மீன்களிலும் சில இப்படித்தான். மாண்டரின் மீன் பெரும்பாலும் உலர்ந்த குருணையைத் திரும்பியும் பார்ப்பதில்லை. பாறையிடுக்கில் ஊர்கிற கோப்பிபாடுகளை நாள்முழுக்கக் கொத்தித் தின்றால்தான் உயிரோடு இருக்கும். பட்டினியில் செத்த மாண்டரின் மீன்கள் இல்லாத அலங்கார மீன் கடை அரிது.

ஆக, இந்த உயிரினம் வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எங்கிருந்து எடுப்பது, எப்படிக் கொண்டுவருவது, வந்த பிறகு எப்படி நிலைக்கவைப்பது என்பதில்தான் எல்லாச் சிக்கலும். இந்தத் துறையில் எழுதப்படுவதில் பெரும்பங்கு வளர்ப்பைப் பற்றியது. எந்தப் பாசி கொடுத்தால் எத்தனை முட்டை என்ற கணக்குக்குப் பஞ்சமே இல்லை. பயணத்தைப் பற்றிய பேச்சு, செய்முறைப் பகுதியில் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. எனக்கு அந்த ஒரு வரிதான் முக்கியமாகப் படுகிறது.

நம் கடலின் கோப்பிபாடுகளை ஆள்கள் சேகரிக்கத் தொடங்கி நூறாண்டுக்கு மேலாகிறது. 1902இல் இலங்கையின் முத்துக்குளிப்புக் கடலில் ஹெர்ட்மன் சேகரித்தவற்றைத் தாம்சனும் ஸ்காட்டும் ஆராய்ந்து 1903இல் அறிக்கை வெளியிட்டார்கள். செய்மூர் சீவெல் இந்தியக் கடல்களின் கோப்பிபாடுகள் பற்றி எழுதிய பெருநூல் 1929லும் 1932லும் வந்தது. 1959 முதல் 1965 வரை நடந்த பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்தில் வலைபோட்டு எடுத்த மாதிரிகளைப் பிரித்து அடுக்கவே கொச்சியில் ஒரு மையம் வைத்தார்கள். கடற்கரை நீரின் பொதுவான வகைகளை இனங்காண கஸ்தூரிரங்கன் தயாரித்த வழிகாட்டி 1963இல் வெளிவந்தது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் நிலையமும் அந்த 1960களில்தான் காலூன்றியது. இந்தப் பெரிய உழைப்பு முழுக்க ஃபார்மலின் புட்டிக்குள் நடந்தது. செத்த கோப்பிபாட்டைக் கொச்சிக்கு அனுப்பலாம், லண்டனுக்கும் அனுப்பலாம்; ஓராண்டு கழித்துத் திறந்தாலும் அப்படியே இருக்கும். உயிரோடு முத்துப்பேட்டையிலிருந்து திருச்சிக்குக் கொண்டுவருவது முற்றிலும் வேறு வித்தை. அதற்குப் பழைய ஏடுகள் எதுவும் உதவாது.

முத்துப்பேட்டை என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. திருச்சி ஆய்வகம் மாதிரி எடுத்த இடங்களில் முக்கியமானது திருவாரூர் மாவட்டத்தின் அந்த அலையாத்திக் காட்டுக் காயல். சாலைவழி ஏறத்தாழ 130 கிலோமீட்டர். பாமணியாறும் கோரையாறும் வேறு சில கிளைகளும் அங்கேதான் முடிகின்றன. எல்லாம் காவிரியின் பிள்ளைகள். மேலணையில் பிரிந்து ஸ்ரீரங்கத்தை இருபுறமும் தழுவி ஓடும் நீரில் ஒரு பங்கு கல்லணை கடந்து, வயல்களில் புகுந்து புறப்பட்டு, அந்தக் காயலில் உப்போடு கலக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் ஆற்றுநீர் கூடிக் காயலின் உப்புத்தன்மை வெகுவாக இறங்கும். கோடையில் கடலுக்கு நிகராக ஏறும். அதனால் நவம்பரில் வலையில் விழுவது ஒரு கூட்டம், மே மாதத்தில் விழுவது வேறொரு கூட்டம். திருச்சியில் கடல்நீர்த் தொட்டிக்கென்று பிடிப்பவர் காயலுக்குப் போகும் மாதத்தைப் பார்த்துப் போக வேண்டும். ஆயிரத்துக்குப் பத்துப் பங்கு உப்பில் வாழ்ந்ததை முப்பத்தைந்தில் போட்டால் அன்றிரவே தொட்டியின் அடியில் வெண்தூளாகக் கிடக்கும்.

பிடிப்பதில் பெரிய மந்திரம் இல்லை. விடியற்காலையில், மிதவை உயிரிகள் இன்னும் மேல்மட்டத்தில் இருக்கும்போது, 158 மைக்ரான் கண் கொண்ட கூம்பு வலையை மெதுவாக இழுக்கிறார்கள். வேகமாக இழுத்தால் வலைச்சுவரில் அடிபட்டு உணர்கொம்புகள் ஒடிந்துவிடும். வலையின் வால்முனையில் இருக்கும் குப்பியில் எல்லாம் சேர்ந்து கஞ்சிபோல் ஆவதற்குள் பெரிய வாளிநீரில் கொட்டிக் கலக்க வேண்டும்; நெரிசலில் மூச்சுமுட்டிச் சாவது சில நிமிட வேலை. அடுத்தது சல்லடை. 500 மைக்ரான் துணியில் மீன்குஞ்சு, இறால்குஞ்சு, இழுதுமீன் துணுக்கெல்லாம் நின்றுவிடும். கீழே இறங்கியதை 190 மைக்ரானில் வடித்தால் வளர்ந்த கோப்பிபாடுகள் மேலே தங்கும். ரோட்டிஃபர்களும் கொட்டலசுக் குஞ்சுகளும் கோப்பிபாட்டின் சொந்த நாப்ளியஸ்களும் கீழே போகும். இந்தப் பிரிப்பைக் கரையிலேயே செய்யாமல் அள்ளிய நீரை அப்படியே வண்டியில் ஏற்றுபவர்கள், தஞ்சாவூர் தாண்டுவதற்குள் பாதியை இழக்கிறார்கள். அம்புப்புழு போன்ற வேட்டைக்காரர்கள் அதே கேனுக்குள் உட்கார்ந்து சாப்பாட்டை முடித்துக்கொண்டு வருவார்கள்.

சல்லடை விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. வலைத்துணியை நீருக்கு மேலே தூக்கவே கூடாது. நீரின் மேற்பரப்பு இழுவிசை அவ்வளவு சிறிய உடலுக்கு ஒரு சுவர். காற்றில் வந்த கோப்பிபாட்டின் கால்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஓட்டின் அடியில் குமிழி மாட்டினால் அது நீரின் மேல் மிதந்தபடியே சாகும். எனவே சல்லடையின் அடி எப்போதும் ஒரு தட்டு நீருக்குள் முழுகியிருக்க வேண்டும். ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வீட்டுக்காரர்களும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தோற்கிறார்கள். குழாய் வைத்து உறிஞ்சி, டீ வடிகட்டியில் பிடித்து, சொட்டச் சொட்டத் தூக்கி, மறு தொட்டியில் தட்டிவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் இறப்பு எதுவும் இருக்காது. மறுநாள் ஒன்றும் இருக்காது.

இனி சாலை. இங்கே நான்கு விஷயங்கள் ஒன்றையொன்று பிடித்து இழுக்கின்றன. 28 டிகிரி வெப்பத்தில் நன்னீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 7.8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். அதே வெப்பத்தில் முழு உப்புக் கடல்நீரில் 6.4 மட்டும்தான். சூடு ஏற ஏற இது இன்னும் குறையும். விலங்கின் மூச்சுத் தேவையோ பத்து டிகிரிக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். சித்திரை மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் திருச்சி வெயிலில், மூடிய காரின் பின்பக்கம் வைத்த கேன் இந்த இரண்டு கணக்கிலும் தோற்கும். தெர்மாகோல் பெட்டியும் இரவுப் பயணமும் அதற்குத்தான். மீன்குஞ்சு வியாபாரிகள் செய்வதுபோல் மூன்றில் ஒரு பங்கு நீரும் மிச்சம் ஆக்சிஜனுமாக இரட்டைப் பையில் கட்டுவது தாக்குப்பிடிக்கும் வகைகளுக்குப் போதும். மென்மையானவற்றுக்குப் பை குலுங்குவதே அடி. கேனை விளிம்புவரை நிரப்பிக் குலுங்கவிடாமல், பேட்டரி பம்பில் பெரிய குமிழிகளாக மெல்லக் காற்றுவிட்டுக் கொண்டுவருவது அவற்றுக்கு நல்லது.

மூன்றாவது, உணவு. வழியில் பசிக்குமே என்று பச்சைப் பாசிநீரை ஊற்றி அனுப்புகிறவர்கள் உண்டு. வெளிச்சத்தில் ஆக்சிஜன் தரும் பாசி, இருட்டுப் பெட்டிக்குள் ஆக்சிஜனைக் குடிக்கும். ஒருநாள் பட்டினி கோப்பிபாட்டைக் கொல்லாது. மூடிய பைக்குள் திக்கான பாசி கொன்றுவிடும். நான்காவது அம்மோனியா. பைக்குள் கரியமில வாயு சேரச்சேர நீரின் காரத்தன்மை இறங்கும். அந்த நிலையில் கழிவு அம்மோனியா பெரிதும் நஞ்சில்லாத வடிவில் கிடக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி, காரம் ஏறி, அதே அம்மோனியா நஞ்சாக மாறும். திறந்த பையிலேயே சொட்டுச் சொட்டாகப் புதுநீர் விட்டு இரண்டு மூன்று மணிநேரம் ‘பழக்குவது’ என்ற நல்லெண்ணம், நெடுந்தூரம் வந்த பைகளுக்குத் தீங்காக முடிகிறது. உப்பும் வெப்பமும் முன்கூட்டியே ஒத்திருந்தால் அரைமணிக்குள் மாற்றிவிடலாம்.

இவ்வளவையும் தாங்கி எது வந்து சேர்கிறது? கோப்பிபாடுகளில் மீன் வளர்ப்போர் கையாளும் பிரிவுகள் மூன்று. நீண்ட உணர்கொம்புகளோடு திறந்த நீரில் மிதக்கும் காலனாய்டுகள். இரண்டு முட்டைப்பைகளைச் சுமந்து திரியும் சைக்ளோபாய்டுகள். பெரும்பாலும் கண்ணாடியிலும் மணலிலும் பாசியிலும் ஊரும் ஹார்ப்பாக்டிகாய்டுகள். காலனாய்டுகள் நெரிசலை வெறுப்பவை. மில்லிலிட்டருக்கு ஒன்றிரண்டுக்கு மேல் சேர்ந்தால் முட்டையிடுவது குறையும், சில தம் குஞ்சுகளையே தின்னும். ஹார்ப்பாக்டிகாய்டுகள் அதே மில்லிலிட்டரில் பத்து மடங்குக்கு மேல் நெருக்கியடித்து வாழும். அழுகிய துகளையும் தின்னும். உப்பு ஏறி இறங்கினாலும் சமாளிக்கும். பாறைக்குழிகளில் மழைநீரையும் கொளுத்தும் வெயிலையும் மாறிமாறிப் பார்த்து வாழும் டைக்ரியோப்பஸ் இவற்றில் மிகவும் தாக்குப்பிடிப்பவற்றுள் ஒன்று. உலகெங்கும் புட்டியில் விற்கப்படுவன பெரும்பாலும் டைக்ரியோப்பஸ், டிஸ்பி, அப்போசைக்ளாப்ஸ். மீன்குஞ்சுக்கு மிகச் சிறந்தவை என்பதால் அவை விற்கப்படவில்லை. கூரியர் பெட்டியில் பிழைக்கின்றன என்பதால் விற்கப்படுகின்றன. டேங் மீனை வளர்த்துக்கொடுத்த பார்வோகாலனஸ் அந்த அலமாரியில் அபூர்வம்.

என் எண்ணத்தில் இந்தத் துறையின் மையப் பிரச்சினை இதுதான். நம் தொட்டிக்கு எந்தக் கோப்பிபாடு வர வேண்டும் என்பதை மீனின் வாய் முடிவுசெய்ய வேண்டும். இன்றைக்குச் சாலை முடிவுசெய்கிறது. திருச்சி ஆய்வகத்தின் பட்டியலிலும் ஓய்த்தோனா ரிஜிடா என்ற சைக்ளோபாய்டும் மேக்ரோசெடெல்லா கிராசிலிஸ் என்ற ஹார்ப்பாக்டிகாய்டும் முக்கிய இடத்தில் இருப்பது தற்செயல் என்று தோன்றவில்லை. பாராகாலனஸ் பார்வஸ் போன்ற காலனாய்டையும் அங்கே வளர்த்து, எந்தப் பாசியில் எத்தனை முட்டையிடுகிறது என்று பார்த்திருக்கிறார்கள் என்பதால் அந்த உழைப்புக்கு மதிப்பு கூடுகிறது. (மேக்ரோசெடெல்லா கடலில் டிரைக்கோடெஸ்மியம் என்ற சயனோபாக்டீரியா இழைகளைப் பற்றிக்கொண்டு வாழ்வது. சயனோபாக்டீரியாக்களுக்குத் தேசிய மையம் வைத்த வளாகத்திலேயே அதுவும் வந்து சேர்ந்தது வேடிக்கையான பொருத்தம்.)

சாலையை ஏமாற்ற ஒரு வழி முட்டை. அக்கார்ட்டியா போன்ற காலனாய்டுகள் முட்டையைச் சுமக்காமல் நீரில் உதிர்த்துவிடும். அவை அடியில் போய்த் தங்கும். அடியிலிருந்து உறிஞ்சி, கழுவி, குளிரில் வைத்தால் பொரிப்பது நின்று, முட்டை தூங்கும். குளிர்நாட்டு அக்கார்ட்டியா முட்டைகளை மாதக்கணக்கில் குளிர்ப்பெட்டியில் வைத்து, வேண்டியபோது பொரிக்கவைக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு சிட்டிகை முட்டையில் ஆயிரக்கணக்கான குஞ்சு. கூடவே நோயோ வேட்டைக்காரனோ வரும் வாய்ப்பும் குறைவு. ஆனால் வெப்பநாட்டு வகைகளின் முட்டைக்கு அந்த நீண்ட தூக்கம் பொதுவாக வாய்ப்பதில்லை. ஓய்த்தோனாவும் டிஸ்பியும் முட்டையைத் தாயின் உடம்போடேயே வைத்திருப்பதால், தாயை அனுப்பாமல் முட்டையை அனுப்ப வழியில்லை. ஆர்ட்டீமியா உலகை வென்றதற்கு ஊட்டச்சத்து காரணமில்லை. அமெரிக்காவின் கிரேட் சால்ட் ஏரியில் அள்ளி உலர்த்தி டப்பாவில் அடைத்த அதன் முட்டை, ஆண்டுக்கணக்கில் கிடந்து, உப்புநீரில் போட்ட ஒரே நாளில் பொரிகிறது. சாலையைப் பற்றிக் கவலைப்படாத உயிருணவு அது.

பெட்டி வீடுவரை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஸ்ரீரங்கத்திலோ தில்லைநகரிலோ கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் ஒருவர் உண்மையில் காவிரி நீரைத்தான் கடலாக்குகிறார். ஆற்று மணலுக்கடியிலிருந்து எடுத்துக் குளோரின் கலந்து வரும் மாநகராட்சிக் குடிநீரை ஆர்ஓ எந்திரத்தில் வடித்து, லிட்டருக்கு முப்பத்தைந்து முதல் நாற்பது கிராம்வரை கடலுப்புக் கலவையைக் கரைக்கிறார். இந்த நீரில் மீன் சுகமாக இருப்பதை வைத்துக் கோப்பிபாட்டுக்கும் சரியென்று நினைத்துவிடக் கூடாது. ஓட்டுடலிகளுக்குச் செம்பு கொடிய நஞ்சு; மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தபோது போட்ட செம்பு மருந்தின் மிச்சம் பாறையில் ஊறிக்கிடந்தாலே போதும். செப்புக் குடத்தில் பிடித்துவைத்த தண்ணீர் மனிதருக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதைத் தொட்டிக்கு ஊற்றக் கூடாது. அதைவிடப் பெரிய ஆபத்து கொசு மருந்து. செருகி வைக்கும் கொசுவிரட்டி திரவத்திலும் தெருவில் அடிக்கும் புகையிலும் இருக்கும் பைரத்ராய்டு வகை மருந்துகள் பூச்சிக்கு எதுவோ ஓட்டுடலிக்கும் அதுவே. இரண்டு ஆறுகளுக்கு நடுவில் இருக்கும் தீவில் கொசு இல்லாத மாதம் எது? கொசுப்புகை அடிக்கும் வண்டி தெருவுக்குள் நுழையும்போது சன்னலை அடைக்கிறவர்கள், கூடவே ஏர்பம்பையும் சற்றுநேரம் நிறுத்துவது நல்லது. அது அறைக்காற்றை அப்படியே நீருக்குள் தள்ளுகிறது.

தொட்டியில் விடும் நேரம் இரவு. விளக்கையும் பம்பையும் ஸ்கிம்மரையும் நிறுத்தி, வடிகட்டிப் பையைக் கழற்றி, குழாய்மூலம் பாறையிடுக்கில் இறக்கிவிட வேண்டும். பகலில் மேலிருந்து கொட்டினால் மீன்களுக்கு ஒரு வேளைச் சாப்பாடு, அவ்வளவுதான். எத்தனை விட்டோம் என்ற எண்ணிக்கைக்கு உண்மையில் பெரிய பொருளில்லை. ஹார்ப்பாக்டிகாய்டு ஒன்று நம் வெப்பத்தில் இரண்டு வாரத்துக்குள் குஞ்சிலிருந்து தாயாகிவிடும். உணவும் ஒளிவிடமும் இருந்தால் சிலநூறு போதும். இல்லாவிட்டால் ஐயாயிரமும் ஒரு மாதத்தில் கரையும். மீன் நுழைய முடியாத ஒரு பக்கத்தொட்டி, அதில் ஒரு கைப்பிடி கீட்டோமார்பா பாசி, கொஞ்சம் உடைசல் கல் ஆகியவை விலைகொடுத்து வாங்கும் பத்துப் புட்டிகளைவிட மேல்.

நண்பரின் தொட்டியிலிருந்து ஒரு துண்டு பஞ்சையோ ஒரு பிடி பாசியையோ வாங்கிவந்து போடுவதுதான் மலிவான, பழக்கமான முறை. கோப்பிபாடுகளோடு ஆம்பிபாடுகளும் மைசிட்களும்கூட இலவசமாக வரும். வேறு சிலவும் வரும். வெள்ளைப்புள்ளி நோயின் கிரிப்டோகேரியான் ஒட்டுண்ணி, பாறையிலும் பாசியிலும் ஓடு கட்டி ஒட்டிக்கொண்டிருக்கும் பருவம் உண்டு. கொட்டும் ஹைட்ராய்டுகள், தட்டைப்புழுக்கள், ஒரு துணுக்கிலிருந்தே காடாகப் பெருகும் ஐப்டேசியா பூக்கள் எல்லாம் அதே பிடியில் பயணம் செய்யும். கோப்பிபாடுகளிலேயே பகைவர்கள் இருக்கிறார்கள். அக்ரோப்போரா பவளத்தில் குடியேறும் டெகாஸ்டிஸ் என்ற சிவப்புப் பொட்டு ஒரு கோப்பிபாடுதான். அதைக் கொல்லும் மருந்து தொட்டியில் நாம் பாடுபட்டு வளர்த்த மற்றெல்லாக் கோப்பிபாடுகளையும் சேர்த்துக் கொல்லும். நம் கெண்டை வளர்ப்போரை வாட்டும் நங்கூரப் புழுவும் கோப்பிபாட்டு வம்சமே. எனவே பாசியைப் போடாமல், அதைத் தனி வாளியில் உதறி, நீந்துவதை மட்டும் சல்லடையில் பிடித்து, மீனே இல்லாத பாத்திரத்தில் இரண்டு மாதமாவது வைத்திருந்து மாற்றுவதுதான் முறை. மீன் கிடைக்காத கிரிப்டோகேரியான் அதற்குள் செத்துவிடும். பொறுமை இல்லாதவர்கள் இதைச் செய்வதில்லை.

இறால் பண்ணைகளுக்குப் பக்கத்துக் காயலிலிருந்து நேரடியாகப் பிடிப்பதில் இன்னொரு கவலை உண்டு. 1994–95இல் இந்தியக் கிழக்குக் கடற்கரை இறால் பண்ணைகளைச் சூறையாடிய வெண்புள்ளி வைரஸைக் கோப்பிபாடுகளும் சுமக்கக்கூடும் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. அலங்கார இறால் வளர்ப்பவர் காட்டுக் கோப்பிபாட்டை நேரே போடுவது சூதாட்டம். சில தலைமுறை தனியாக வளர்த்த பிறகே நம்பலாம்.

கோப்பிபாட்டை இடம்விட்டு இடம் மாற்றுவதன் நன்மை தீமை இரண்டையும் கடலைவிட நன்னீர்தான் பெரிய அளவில் காட்டியிருக்கிறது. குளத்து நீரைக் குடித்து நரம்புச் சிலந்திப் புழு நோய் வந்த காலம் தமிழ்நாட்டிலும் இருந்தது. அந்தப் புழுவின் குஞ்சை உள்ளே வைத்திருந்து மனித வயிற்றுக்குக் கடத்தியது நன்னீர்க் கோப்பிபாடான சைக்ளாப்ஸ். 1996 ஜூலையில் ராஜஸ்தானில் கடைசி நோயாளி கண்டறியப்பட்டு, 2000 பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனம் இந்தியா விடுபட்டதாகச் சான்றளித்தது. குடிநீரைத் துணியில் வடித்துக் குடிக்கச் சொன்னது அந்த இயக்கத்தின் முக்கியப் பாடம். வங்கதேசத்தின் மத்லாப் பகுதியில் பழைய சேலையைப் பல மடிப்பாக மடித்து நீரை வடித்த கிராமங்களில் காலரா 48 சதவீதம் குறைந்ததாக 2003இல் ரீட்டா கோல்வெல் குழு வெளியிட்ட ஆய்வுக்கும் இதே அடிப்படைதான். காலராக் கிருமி கோப்பிபாடுகளின் உடலில் ஒட்டிப் பயணம் செய்கிறது. நேர் எதிராக, வியட்நாமில் மீசோசைக்ளாப்ஸ் என்ற நன்னீர்க் கோப்பிபாட்டை ஊர்மக்களே தொட்டிக்குத் தொட்டி எடுத்துவிட்டு டெங்கு கொசுவின் புழுவைத் தின்னவைத்தார்கள். 37 கம்யூன்களில் 32இல் அந்தக் கொசு அற்றுப்போனதாக 2005இல் லான்செட் இதழ் வெளியிட்டது. உயிருள்ள நுண் ஓட்டுடலிகளைப் பாத்திரம் மாற்றியதில் உலகில் மிகப் பெரியவற்றுள் ஒன்றாக அதைச் சொல்லலாம். அவ்வளவு எளிதாக அது நடந்ததற்குக் காரணம், பக்கத்து வீட்டுத் தொட்டிதான் விதைக்களமாக இருந்தது, சாலையே குறுக்கிடவில்லை.

காவிரியிலும் கோயில் குளங்களிலும் சைக்ளாப்ஸ் மண்டிக் கிடக்கிறதே, அதையே கடல்நீர்த் தொட்டிக்குப் பயன்படுத்தினால் என்ன என்று கேட்கலாம். முழு உப்பில் அவை சிறிது நேரத்திலேயே செயலிழந்துவிடும். மீன் உடனே தின்றால் தின்றது, இல்லையென்றால் அழுகல். குடியேற்ற உதவாது.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கோப்பிபாட்டைப் பிடிக்கத் தடையில்லை. அது குடியிருக்கும் வீட்டைத் தொடத் தடை இருக்கிறது. மேலைநாடுகளில் கோப்பிபாடுகள் பெரும்பாலும் லைவ் ராக் எனப்படும் பவளப்பாறைத் துண்டுகளோடு வந்து தொட்டியில் குடியேறின. இங்கே கல்பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. தூத்துக்குடியிலிருந்தோ மண்டபத்திலிருந்தோ ‘உயிருள்ள கல்’ வருகிறது என்று யாராவது சொன்னால் விலகிப்போவதே அறிவுடைமை. இந்தத் தடையை நான் குறையாகப் பார்க்கவில்லை. கல்லோடு வந்தால் எது வருகிறதென்றே தெரியாது. வளர்ப்புப் பாத்திரத்திலிருந்து வந்தால் பெயர் சொல்லி வாங்கலாம்.

அந்த வளர்ப்புப் பாத்திரம் எங்கே இருக்கிறது என்பதில்தான் எல்லாம் முடிகிறது. கேரளத்தின் விழிஞ்ஞத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் பல காலனாய்டு வகைகளை வளர்ப்பில் வைத்திருக்கிறது. முட்டுக்காட்டில் உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனமும் இத்துறையில் உழைத்திருக்கிறது. கடலோரக் குஞ்சுப் பொரிப்பகங்களுக்கு அவை போதும். உள்நாட்டு ஊர்களுக்குத் திருச்சி காட்டும் வழி வேறு: ஒருமுறை கஷ்டப்பட்டுக் கொண்டுவந்து, ஊருக்குள்ளேயே ஐசோகிரைசிஸ் போன்ற பாசியோடு தொடர்ந்து வளர்ப்பது. அப்போது மென்மையான காலனாய்டுக்கும் 130 கிலோமீட்டர் ஆபத்து ஒரே ஒரு முறைதான். அதற்குப் பிறகு வளாகத்திலிருந்து வீட்டுக்கு அரைமணிப் பயணம். பல்கலைக்கழகங்கள் ஆய்வுக்கு வளர்ப்பதோடு நின்றுவிடாமல் சிறு வளர்ப்பாளர்களுக்கு விதைக்கூட்டம் கொடுக்கத் தொடங்கினால், அதற்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது. கடலோரமில்லாத மாவட்டங்களில் இதைச் செய்யக்கூடிய கல்லூரி விலங்கியல் துறைகள் நிறைய இருக்கின்றன.

வளர்ப்பு எப்படியும் ஒருநாள் சரியும். சிலியேட் புகுந்துவிடும், பாசி கெட்டுவிடும், மின்சாரம் ஆறு மணிநேரம் போய்விடும். அதனால் ஒரே கூட்டத்தை ஒரே அறையில் இரண்டு வாளியில் வைத்திருப்பது காப்பு ஆகாது. ஒரே மின்வெட்டு இரண்டையும் கொண்டுபோகும். ஒன்றை ஸ்ரீரங்கத்திலும் இன்னொன்றைக் கே.கே. நகரிலுமாக இரண்டு வீட்டில், முடிந்தால் வேறுவேறு மின்மாற்றியின் கீழ் வைத்துக்கொள்ளலாம். ஓரிடத்தில் செத்தால் மற்ற இடத்திலிருந்து ஒரு லிட்டர் கேனில் நிரப்பி, ஸ்கூட்டரில் காவிரிப் பாலத்தைக் கடந்து கொண்டுவந்துவிடலாம். அந்தத் தூரத்தை எந்தக் காலனாய்டும் தாங்கும்.